நெட் அறுந்த நாலு நாளில் ஓடியதும் ஓடாததும்

#1 பழையபெட்டி (கோத்தகிரி)

போன வாரம் பெய்த மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் மண் சரிந்து கேபிள் அறுந்துவிட்டது. நாலு நாள் நெட் இல்லை. இரண்டாம் நாள் செல்போன் டவரும் படுத்துவிட்டது. கரண்ட் மட்டும் வந்து வந்து போனது. பைக்காராவில் 1932-லேயே தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்த மலை இது. அந்த கரண்ட் கீழே போய் ஊரெல்லாம் எரிகிறது, நமக்கு மெழுகுவர்த்தி. சரி, அது பழைய புலம்பல்.

ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் இது புதிதல்ல. ஆனால் இந்த முறை சும்மா உட்கார்ந்திருக்காமல், வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டியையும் போட்டுப் பார்த்து, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன்.

மகன் காசு கொடுத்து வாங்கிய கார் ரேஸ் ஓடவில்லை. ஒற்றை ஆளாக ஆடுவதுதான், எதிராளி கிடையாது. ஆனாலும் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லிச் சொல்லி வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவியின் தையல் கணக்கு ஆப், உள்ளே விட ஓடிபி கேட்டது. டவரே இல்லாத ஊரில் ஓடிபி எப்படி வரும்? கடைக்காக நான் மாத வாடகை கட்டும் பில் மென்பொருள் முதல் நாள் ஓடியது, மூன்றாம் நாள் சந்தாவைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. எல்லாவற்றையும் விடக் கூத்து வாசல் கேமரா. பத்தடி தள்ளி இருக்கும் டிவிக்குப் படம் அனுப்ப அதற்குக் கடல் கடந்த ஒரு சர்வர் வேண்டுமாம்.

1996-ல் வாங்கிய 486 கம்ப்யூட்டர் ஓடியது. 8 எம்பி ரேம், கட்டளையைத் தட்டி ஓட்டும் டாஸ் 6.22. ஸ்டெபிலைசர் முள் நிலைக்கு வந்ததும் போட்டேன், மெமரியை எண்ணிவிட்டு 'சி' என்று நின்றது. பெயர் கேட்கவில்லை, மெயில் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமில் மூன்றாவது லெவல் எலும்புக்கூட்டிடம் நாலு முறை செத்தேன். கை மறந்துவிட்டது, பெட்டி மறக்கவில்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பும் ஓடியது. அதில்தான் மூன்றாம் நாளிலிருந்து லிப்ரே ஆபீஸில் பில் எழுதினேன்.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். நெட் போனதும் நின்றுவிடுவது எதுவும் என் வளை இல்லை, யாரோ உள்ளே விட்டு வைத்திருக்கும் வாடகை இடம். மென்பொருளைப் பற்றி எனக்கிருக்கும் அபிப்பிராயம் இப்போதைக்கு இவ்வளவுதான். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 மூடுபனி (குன்னூர்)

அண்ணா, அடிக்க நான் வந்துவிட்டேன்.

பல கேம் கடைகளில் ஆஃப்லைன் மோடு இருக்கிறது. நெட் இருக்கும்போதே ஒரு தடவை உள்ளே போய் அதைப் போட்டு வைத்திருந்தால் பெரும்பாலானவை ஓடியிருக்கும். உங்கள் மகன் போட்டு வைக்கவில்லை, அது அவன் தப்பு. காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டே இல்லாமல் கேம் விற்கிற கடையும் இருக்கிறது, ஜிஓஜி என்ற கடையில் 2008-லிருந்து அப்படித்தான் விற்கிறார்கள். இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துக்கொண்டால் நாலு வருஷம் நெட் இல்லாவிட்டாலும் ஆடலாம்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 'தி க்ரூ' என்று 2014-ல் ஒரு கார் கேம் வந்தது. 2024 மார்ச் 31-ல் அதன் சர்வரை நிறுத்தினார்கள். தனியாக ஆடுகிறவர்களுக்கும் சேர்த்து அன்றோடு முடிந்தது. டிவிடியாக வாங்கியவர் கையில் இருப்பது வட்டமான கண்ணாடிதான். அதிலிருந்து கிளம்பியதுதான் ஐரோப்பாவில் கேம்களைக் கொல்லாதே என்று நடந்த கையெழுத்து இயக்கம். கலிபோர்னியாவில் 2025-லிருந்து, விற்பது பொருள் இல்லை, உரிமம்தான் என்பதை வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சொல்லிவிட்டு விற்கலாம், அவ்வளவுதான்.

#3 ஸ்டெபிலைசர் (ஊட்டி)

சர்வீஸ் கடைக்காரன் பேசுகிறேன். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்குப் பொது ஆதரவு முடிந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி. "பெட்டி நல்லா இருக்கே, எதுக்குத் தூக்கிப் போடணும்?" விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். அதற்கு முந்தையது எவ்வளவு வேகமாக ஓடினாலும் பட்டியலில் இல்லை.

நான் ரேமை ஏற்றி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். டீக்கடைக்காரர், ஹோட்டல் ரிசப்ஷன், ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பத்தில் ஏழு பேர் திரும்ப வருவதில்லை. மீதி மூன்று பேர் கணக்கு மென்பொருள் டேலி ஓடவில்லை, பிரிண்டரில் ஸ்கேன் வரவில்லை என்று வருவார்கள். அவர்களுக்கு நான் பிரசங்கம் செய்வதில்லை, விண்டோஸே போட்டுக் கொடுத்துவிடுவேன். பிழைப்பு முக்கியம்.

லினக்ஸும் பழசை எல்லாம் சுமந்துகொண்டே போகாது பழையபெட்டி சார். 2025-ல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் பழைய 32 பிட் கம்ப்யூட்டருக்கான இன்ஸ்டாலரே கிடையாது. உங்கள் 486-க்கு அவர்கள் எப்போதோ கதவைச் சாத்திவிட்டார்கள்.

#4 பழையபெட்டி (கோத்தகிரி)

486-ல் யார் லினக்ஸ் போட்டார்கள்? அதற்கு டாஸே போதும். அதுவும் தீர்ந்துவிட்டால் ஃப்ரீடாஸ் இருக்கிறது, 1994-ல் தொடங்கியது, இன்னும் புது வெர்ஷன் வந்துகொண்டிருக்கிறது.

#5 ஏரிச்சாலை (கொடைக்கானல்)

கேம் எனக்குத் தெரியாது. பெயர் கேட்கவில்லை, மெயில் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது சுருக்கென்று தைத்தது. காரணம், கேட்கிறவனே நான்தான்.

மூன்று ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் வந்ததல்லவா, அதில் வண்டி நம்பர், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று எல்லாம் ஏற்கனவே கொடுத்துவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். அப்புறம் ரூம் போட்ட இணையதளத்தில் ஒரு தடவை. அப்புறம் நான் ஒரு தடவை. "ஆதாரை வாட்ஸப்பில் தட்டிவிடுங்க சார்" என்பேன். தட்டிவிடுவார்கள், யாரும் மறுத்ததே இல்லை.

நேற்று போனில் இடம் இல்லை என்று கேலரியைத் திறந்தேன். புல்வெளி, ஏரி, பேரன் படத்துக்கு நடுவே ஆதார், ஆதார், ஆதார். எண்ணிப் பார்த்தேன், அறுநூற்றுச் சொச்சம். முன்பக்கம், பின்பக்கம், சிலர் குடும்பத்தோடு. அதெல்லாம் தானாகவே கூகுள் பேக்கப்புக்கும் போயிருக்கிறது. பேரன் அதே போனில்தான் கேம் ஆடுகிறான், கண்ட ஆப்பையும் ஏற்றுகிறான்.

என்ன செய்வது சொல்லுங்கள். அழித்தால் போலீஸ் கேட்கும்போது என்ன காட்டுவது என்ற பயமும் இருக்கிறது.

#6 மூடுபனி (குன்னூர்)

சார், தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் சொன்னது எந்த ஹேக்கர் கதையை விடவும் பயமாக இருக்கிறது.

#7 பழையபெட்டி (கோத்தகிரி)

ஏரிச்சாலை ஐயா, சொன்னதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. மற்ற ஹோம்ஸ்டேக்காரர்களின் போனும் இப்படித்தான் இருக்கும், அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் வக்கீல் இல்லை. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஆள் யார் என்று பார்ப்பது வேறு, அந்தப் படத்தை வைத்துக்கொள்வது வேறு. நேரில் கார்டை வாங்கிப் பாருங்கள், முகம் பொருந்துகிறதா பாருங்கள், ரெஜிஸ்டரில் எழுத வேண்டியதை எழுதுங்கள், கார்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மறைத்த ஆதார் அனுப்பச் சொல்லுங்கள். அதில் பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி நாலுதான் தெரியும், ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எவ்வளவு நாள் எதை வைத்திருக்க வேண்டும் என்று உங்கள் ஸ்டேஷனிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும் இதுதான்: எதற்கு வாங்கினாயோ அந்த வேலை முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை, அழித்துவிடு.

அழிக்கும்போது கேலரியில் மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குப்பைத் தொட்டி ஃபோல்டரில் கொஞ்ச நாள் கிடக்கும், வாட்ஸப் அரட்டையில் ஒன்று, பேக்கப்பில் ஒன்று.

ஒரு தேதிப் பொருத்தம். விண்டோஸ் 95 கடைக்கு வந்தது 1995 ஆகஸ்ட் 24. தனியுரிமை அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. இடையில் சரியாக இருபத்திரண்டு வருஷம். அந்த இருபத்திரண்டு வருஷத்தில்தான் கம்ப்யூட்டர் நம்மைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. அந்தக் காலத்து டிவி கேம் பெட்டியில் கேம் ஓட இருந்த ரேம் 2 கேபி. மரியோவே ஒழுங்காக 40 கேபிக்குள் அடங்கிவிட்டான். நம்மை வேவு பார்க்க அதற்கு ஆசை இருந்திருந்தாலும் எழுதி வைக்க இடம் இல்லை.

#8 மூடுபனி (குன்னூர்)

இங்கேதான் அண்ணா எனக்குச் சண்டை. பழைய பெட்டி யோக்கியம் போலவே பேசுகிறீர்கள். உங்கள் காலத்து ஃப்ளாப்பி ஒவ்வொன்றும் ஒரு நோய்க்கூடு. பாஸ்வேர்டு இல்லை என்று பெருமைப்படுகிறீர்கள், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து உங்கள் ஃபைலைத் திறக்கலாம் என்பதும் அதுதானே? விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது, இன்னும் அதில் பேங்க் வேலை பார்க்கிறவர்கள் நம் மலையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்று. வளை, வாடகை என்கிறீர்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் ஒரு மென்பொருளாவது காசு கொடுத்து வாங்கினீர்களா?

#9 ஸ்டெபிலைசர் (ஊட்டி)

வர்க்கியும் டீயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதில் வரட்டும்.

#10 பழையபெட்டி (கோத்தகிரி)

தம்பி கேட்டது நியாயம். நோயிலிருந்து தொடங்குகிறேன்.

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. அப்போது ஆறு கம்ப்யூட்டர் வைத்து டிடிபி சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். நாலு வந்தன. ஐந்தாவதில் ஹார்ட் டிஸ்க்கே காலி என்றது. ஆறாவது மூச்சே விடவில்லை, ஃபேன் மட்டும் சுற்றியது, திரை கறுப்பு. சிஐஎச் வைரஸ். செர்னோபில் விபத்து நடந்த தேதியில் கிளம்பும்படி எழுதப்பட்டதாகப் பேசிக்கொண்டார்கள். ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடும், சில மதர்போர்டுகளில், பெட்டியைக் கிளப்பிவிடும் பயாஸ் சிப்பையே கெடுத்துவிடும். வைகாசிக் கல்யாணப் பத்திரிகை முப்பத்தி இரண்டு அந்த டிஸ்க்கில் இருந்தது. கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறி, சிப்பை மாற்றிக்கொண்டு வந்து, ராத்திரியெல்லாம் திரும்ப அடித்தோம். ஆகவே பழைய பெட்டி பத்தினி என்று நான் சொல்ல மாட்டேன். என் 486-ஐயும் எக்ஸ்பியையும் நெட்டில் மாட்டுவதே இல்லை. அந்த விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி.

இரண்டாவது கேள்வி. டாஸ், விண்டோஸ், பேஜ்மேக்கர், கேம், எல்லாம் யாரோ கொடுத்த ஃப்ளாப்பிதான். பிரின்ஸில் முதல் லெவல் முடிந்ததும் ஒரு ரூமில் குப்பிகளாக வைத்து எழுத்துக் கேட்பான், பதில் வாங்கியவரின் கையேட்டில் இருக்கும். நாங்கள் கையேட்டைக் கண்ணால் கண்டதில்லை. பிரின்ஸ் மெகாஹிட் என்று அடித்து, மந்திரம் போட்டு அப்படியே தாண்டிவிடுவோம்.

காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று. 1997-ல் ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள், மூன்று மாத வருமானம். அதோடு கட்டை விரல் அளவுக்கு ஒரு பூட்டு தந்தார்கள். பிரிண்டர் மாட்டும் போர்ட்டில் அதை மாட்டி, அதன் முதுகில் பிரிண்டரை மாட்ட வேண்டும். பூட்டு இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். அந்தப் பூட்டு 2004-ல் செத்தது. விற்றவர்களின் போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள்.

ஓசியில் வந்தது எல்லாம் இன்றைக்கும் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கிய அந்த ஒன்றுதான் ஓடவில்லை. நியாயம் உன் பக்கம்தான் தம்பி, ஆனால் இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் சொல்வது?

#11 கூடலூர்காரி (கூடலூர்)

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எங்கள் டிவி கேமில் வாத்து சுடும் துப்பாக்கி ஒன்று உண்டு. புது எல்ஈடி டிவியில் என் பையன் எவ்வளவு சுட்டாலும் ஒரு வாத்தும் விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?

இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் அப்பா சிலோனிலிருந்து வந்தவர், சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்டிப் பக்கம் தோட்டத்தில் பிறந்ததிலிருந்து கப்பல் ஏறியது வரை எழுதி, ஒரு பையனிடம் கொடுத்து டைப் அடித்து வைத்திருந்தார். மூன்று ஃப்ளாப்பி. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மேல் லேபிளில் அவர் கையெழுத்தில் 'பாமினி' என்று இருக்கிறது. நான் ஏதோ பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீரோவில் இருந்தது. கூடலூர் ஆடி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

#12 மூடுபனி (குன்னூர்)

துப்பாக்கி கெடவில்லை அக்கா. குதிரையை அழுத்தியதும் கேம் ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கி முனையில் இருப்பது குண்டு இல்லை, ஒளியைப் பார்க்கும் கண். அந்தக் கணத்தில் வெள்ளை தெரிந்தால் வாத்து விழும். பின்பக்கம் பெருத்த பழைய டிவி படத்தை உடனே போடும். புது டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, கொஞ்சம் தாமதித்துக் காட்டும், அதற்குள் கேம் பார்த்துவிட்டுப் போயிருக்கும். பழைய டிவி கிடைத்தால் வாத்து கூட்டமாக விழும்.

கேசட் ஓடவில்லை என்று வாயால் ஊதாதீர்கள். மூச்சில் ஈரம், நம் ஊர்க் காற்றிலும் ஈரம். பென்சில் ரப்பரால் முனையைத் தேய்த்தாலே போதும்.

#13 ஸ்டெபிலைசர் (ஊட்டி)

ஃப்ளாப்பியை எக்காரணம் கொண்டும் எந்த டிரைவிலும் போட்டுவிடாதீர்கள். ஆர்வத்தில் போட்டுப் பார்த்துத்தான் பாதிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தத் தகட்டுக் கதவை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் நடுவில் இருக்கும் இரும்பு வட்டத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்பாக, வழவழவென்று இருந்தால் நல்லது. ஊறுகாய் மேல் படிவது போல வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் பூஞ்சை. அதோடு டிரைவில் போட்டால், படிக்கும் முனையான ஹெட் அந்தப் புள்ளியை இழுத்துக்கொண்டே வட்டமாகக் கீறும், எழுத்தும் போகும், ஹெட்டும் போகும்.

பூஞ்சை இருந்தால் நான் செய்வது: கதவைக் கழற்றி, உறையின் ஓரத்தில் மெல்லிய தகட்டை விட்டு நெம்பிப் பிரித்து, உள்ளே இருக்கும் தாள் போன்ற வட்டை மட்டும் எடுப்பேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சு, அழுத்தாமல், இரண்டு பக்கமும். நன்றாகக் காய்ந்ததும் வேறொரு நல்ல ஃப்ளாப்பியின் உறைக்குள் மாற்றிவிடுவேன். அப்புறம்தான் டிரைவ். படிப்பதும் ஃபைல் ஃபைலாக இல்லை, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாக எடுத்துவிட வேண்டும். ஒரு டிஸ்க்குக்கு 2,880 செக்டார், அதாவது சின்னச் சின்னத் துண்டு. படிக்க முடியாததை விட்டுவிட்டு மற்றதை முதலில் வாரிக்கொள்ளும்.

கடைக்குக் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம்.

#14 பழையபெட்டி (கோத்தகிரி)

அம்மா, பாமினி பெண் பெயர்தான், எழுத்துருவுக்கு வைத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் நிறையப் பயன்படுத்தியது. ஸ்டெபிலைசர் டிஸ்க்கைப் படித்துக் கொடுத்ததும் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கண்டபடி இருக்கும். வைரஸ், கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தமிழ்தான், ஆங்கில எழுத்தின் முகமூடி போட்டுக்கொண்டிருக்கிறது. 'அம்மா' என்பது அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மெய்யெழுத்தின் புள்ளி வரும் இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று மட்டும், அப்பா எழுதியதை எந்த இணையதளத்திலும் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். நெட் இல்லாமலே மாற்றுவது என் லினக்ஸ் லேப்டாப்பில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கு எடுத்துவருகிறேன்.

பழைய டிஸ்க்கில் நம்பிக்கை வையுங்கள். பிரின்ஸ் எழுதிய ஜோர்டான் மெக்னரே 1989-ல் எழுதிய மூல நிரலைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். 2012-ல் அவர் அப்பா அனுப்பிய பெட்டியில் ஃப்ளாப்பியாகக் கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அலமாரியில் கிடந்தது, படித்தெடுத்தார்கள்.

#15 ஏரிச்சாலை (கொடைக்கானல்)

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய சூரியன் படங்கள் தகட்டிலும் ஃபிலிமிலும் இருக்கின்றன, ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். என் மகள் கல்யாண சிடி 2006, இப்போது திறக்கவில்லை. அதையும் ஞாயிற்றுக்கிழமை அனுப்பலாமா?

அறுநூற்றுச் சொச்சத்தில் இன்று இருநூறு அழித்தேன். ஸ்டேஷனில் கேட்டேன், ரெஜிஸ்டர் சரியாக இருக்கட்டும் என்றார்கள்.

#16 ஸ்டெபிலைசர் (ஊட்டி)

சிடியையும் அனுப்புங்கள் ஐயா, பார்க்கலாம்.

ஞாயிறு விவரம். கூடலூர்காரி அம்மா காலை பஸ்ஸில் வந்துவிட்டார்கள், பிளாஸ்டிக் டப்பாவில் அரிசி போட்டு அதற்குள் ஃப்ளாப்பி. முதல் டிஸ்க் சுத்தம், 2,880-ம் வந்தது. இரண்டாவதில் வெள்ளை வளையம், கழுவி உறை மாற்றியதில் 61 செக்டார் தவிர எல்லாம் வந்தது. பழையபெட்டி சார் மாற்றிக் காட்டினார். 'ற', 'ன' இரண்டு இடத்தில் குழம்புகிறது, கையால் திருத்த வேண்டும். கப்பல் ஏறும் பக்கத்தில்தான் அந்த 61-ம் போயிருக்கிறது. அத்தை ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறாராம், அவரும் அதே கப்பலாம். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

மூன்றாவது டிஸ்க்கில் வட்டும் உறையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குளிரில் நெம்பினால் கிழியும். வெயில் வரட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.